ரீலோடிங் மேசையில் வீட்டுப் பழைய டப்பாக்கள்: எதற்கு ஆகும், எதற்கு ஆகாது

டெக்சஸில் இருக்கும் ஒரு நண்பரின் கேள்வி இது. 9 எம்எம் தோட்டாக்களைத் தானே ரீலோட் செய்ய, அதாவது சுட்டு மிஞ்சிய காலிக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தோட்டாவாக்க, ஆரம்பித்திருக்கிறார். சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் (ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் கை அழுத்தி) ஒன்று வாங்கி, கராஜில் மேசையும் போட்டாயிற்று. வீட்டில் காபி டப்பா, தயிர் டப்பா, ஊறுகாய் பாட்டில், மாத்திரை டப்பா என்று ஒரு மூட்டை சேர்ந்து கிடக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் சம்படம் இரண்டும் சும்மா இருக்கின்றன. கடையில் பெட்டிகளுக்குக் காசு கொடுப்பதற்குப் பதில் இவற்றையே பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்.

தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒஹையோவில் என் மேசையில் இருப்பதில் முக்கால்வாசி அப்படி வந்தவைதான். ஆனால் இரண்டு பொருள்களுக்கு மட்டும் கூடவே கூடாது: பவுடர் (தோட்டாவுக்குள் எரியும் மருந்து), பிரைமர் (தோட்டாவின் அடியில் இருந்து அந்த மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி). அவை கடையிலிருந்து எந்த டப்பாவில் வந்தனவோ அதிலேயே இருக்க வேண்டும். கேஸ் (பித்தளைக் கூடு), புல்லட் (நுனியிலிருக்கும் குண்டு), கருவிகள், உதிரிகள் எல்லாவற்றுக்கும் உங்கள் மூட்டையைப் பிரிக்கலாம். முதலில் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

இன்றைய தோட்டாக்களில் போடும் புகையில்லாப் பவுடரைத் திறந்தவெளியில் கொஞ்சமாகக் கொட்டிப் பற்றவைத்தால் புஸ்ஸென்று எரிந்து போகும், வெடிக்காது. அதே பவுடரை இறுக்கமாக அடைத்துப் பற்றவைத்தால், அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். துப்பாக்கிக்குள் நடப்பதே இதுதான். எனவே பவுடர் வரும் டப்பா வெறும் பிளாஸ்டிக் டப்பா இல்லை. தீப்பிடித்தால் உள்ளே அழுத்தம் சேர்வதற்கு முன்பே, சொற்ப அழுத்தத்திலேயே பிளந்து திறந்துகொள்ளும்படி அதைச் செய்திருக்கிறார்கள். இறுக்கித் திருகும் மூடி போட்ட கண்ணாடி ஊறுகாய் பாட்டில் இதற்கு நேர் எதிர். வீடு தீப்பற்றினால் அது சிதறும், தீயணைக்க வருகிறவர் மேல் கண்ணாடித் துண்டுகள் பாயும். எவர்சில்வர் சம்படமும் அதே கதைதான். ரப்பர் வளையம் போட்ட ராணுவ ஆம்மோ கேனும் (தோட்டா வைக்கும் இரும்புப் பெட்டி), இரும்புத் துப்பாக்கிப் பெட்டகமும் பவுடருக்கு ஆகாதவையே. பலமான பெட்டி பாதுகாப்பான பெட்டி என்று மனம் சொல்லும். பவுடர் விஷயத்தில் அந்தக் கணக்கு தலைகீழ்.

அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 495ஆம் எண் விதித்தொகுப்பு, குடியிருக்கும் வீட்டில் 20 பவுண்டு வரை புகையில்லாப் பவுடரை அதன் அசல் டப்பாக்களிலேயே வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. 20க்கு மேல் 50 பவுண்டு வரை என்றால், சுவர்கள் குறைந்தது ஓர் அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டியோ மர அலமாரியோ வேண்டும். எவ்வளவு வைக்கிறோம் என்பதோடு எதில் வைக்கிறோம் என்பதும் விதியிலேயே இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், டெக்சஸ் கோடையில் கராஜ் அடுப்பாக இருக்கும். பவுடரை வீட்டுக்குள் குளிர்ச்சியான, ஈரமில்லாத, குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, வேலை செய்யும்போது மட்டும் ஒரே ஒரு டப்பாவை எடுத்து வாருங்கள்.

அந்த "ஒரே ஒரு டப்பா" முக்கியம். இரண்டு இருந்தால் எந்தப் பவுடர் எது என்று குழம்பிவிடும். காரணத்தை ஓர் அனுபவத்தோடு சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு பெரியவர் காலமானார். அவருடைய ரீலோடிங் சாமான்களை அவர் மனைவி மலிவு விலைக்குக் கொடுத்தார். பிரஸ், டை (கேஸை வடிவுக்குக் கொண்டுவரும் அச்சு), தராசு எல்லாம் அருமையானவை. அவற்றோடு ஒரு மயோனைஸ் பாட்டில். பாதி வரை சாம்பல் நிறக் குச்சிப் பவுடர். மூடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் "4831" என்று எழுதியிருந்தது. நல்ல கையெழுத்து, நல்ல மனிதர். ஆனால் எந்த 4831? ஹாட்ஜ்டன் கம்பெனியின் எச்4831 என்று ஒரு பவுடர் இருக்கிறது, ஐஎம்ஆர் 4831 என்று வேறொன்று இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவது, இரண்டாம் உலகப்போருக்குப் பின் அரசாங்கத்திடம் மிஞ்சிக் கிடந்த பீரங்கிப் பவுடரை வாங்கி கான்சஸிலிருந்து புரூஸ் ஹாட்ஜ்டன் விற்ற சரக்கின் வழி வந்தது. இரண்டாவது 1970களில் டூபாண்ட் கொண்டுவந்தது, கொஞ்சம் வேகமாக எரியக்கூடியது. முதலாவதற்கான அளவை இரண்டாவதில் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டலாம். 2003இல் ஐஎம்ஆர் நிறுவனத்தையே ஹாட்ஜ்டன் வாங்கிவிட்டதால், இன்று ஒரே வீட்டுச் சரக்காக இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எண் ஒன்று, பவுடர் வேறு.

அந்தப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். அரை பவுண்டுக்குக் குறையாது. மோந்து பார்த்தேன், கெட்டுப்போன காடி நெடி எதுவும் இல்லை, நல்ல பவுடர்தான். ஆனால் அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அவரோடு போய்விட்டது. புல்வெளியில் மெல்லிசாக, அகலமாகத் தூவிவிட்டேன். அதிலுள்ள நைட்ரஜன் புல்லுக்காவது போய்ச் சேர்ந்தது. அடையாளம் உறுதியாகத் தெரியாத பவுடர், எத்தனை விலை உயர்ந்ததானாலும் குப்பைதான். அசல் டப்பாவை விட்டு வெளியே வந்த நிமிடமே பவுடர் அந்த நிலைக்குப் போக ஆரம்பிக்கிறது.

"ஒரு நாள் ராத்திரிதானே, பவுடர் மெஷரிலேயே கிடக்கட்டும்" என்று, பவுடரை அளந்து ஊற்றும் அந்தக் கருவியிலும் விடாதீர்கள். இரட்டை அடிப்படைப் பவுடர்களில் நைட்ரோகிளிசரின் இருக்கும். அது சில பிளாஸ்டிக்குகளை மெல்ல அரிக்கும். என் முதல் பவுடர் மெஷரின் உருளையைப் பார்த்தால், பாதி உயரம் வரை பால் ஊற்றி வைத்ததுபோல வெளுத்திருக்கும். ஒரு வாரம் பவுடரை விட்டுவைத்ததன் தழும்பு அது. பவுடர் டப்பா செய்யும் பிளாஸ்டிக்குக்கு இதைத் தாங்கும் குணம் உண்டு. உங்கள் தயிர் டப்பாவுக்கு இருக்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. வேலை முடிந்ததும் மிச்சத்தை அதன் டப்பாவிலேயே திரும்பக் கொட்டுங்கள். பவுடர் மெஷரில் எந்தப் பவுடர் இருக்கிறதோ அதன் முழுப்பெயரை ஒரு டேப்பில் எழுதி, பவுடர் உள்ளே இருக்கும் நேரம் முழுக்க உருளையில் ஒட்டி வையுங்கள்.

பிரைமருக்கு வருகிறேன். நூறு பிரைமர் ஒரு தட்டு, பத்துத் தட்டு ஒரு பெட்டி என்று வருகின்றன. ஒவ்வொரு பிரைமருக்கும் தனிக்குழி. ஒன்று வெடித்தால் அடுத்தது சேர்ந்து வெடிக்காமலிருக்கத்தான் அந்த இடைவெளி. அதை வெட்டியான பேக்கிங் என்று நினைத்து, எல்லாவற்றையும் ஒரு மாத்திரை டப்பாவில் கொட்டிக் குலுக்கினால், கையில் ஒரு கையெறிகுண்டு இருப்பதாகவே அர்த்தம். ஒன்று வெடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் வெடிக்கும். மேற்சொன்ன விதித்தொகுப்பின்படி வீட்டில் 10,000 பிரைமர் வரை வைக்கலாம். அதுவும் பவுடர் இருக்கும் அலமாரியில் வேண்டாம். ஸ்மால் பிஸ்டல், ஸ்மால் ரைஃபிள் என்ற இரண்டு பிரைமர் ரகங்களும் ஒரே விட்டம், 0.175 அங்குலம். கலந்துவிட்டால் பிரிப்பது சிரமம். இந்தக் காரணத்துக்காகவும் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

சரி, இனி ஆவது.

காலி கேஸ்களுக்கு மூடியும் கைப்பிடியும் உள்ள பெரிய பிளாஸ்டிக் காபி டப்பாவை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆயிரம் 9 எம்எம் கேஸ் சுமார் நாலு கிலோதான் வரும். ஐந்து கேலன் வாளி, பூனை மணல் (வீட்டுப் பூனையின் கழிவுத் தட்டில் போடும் மணல்) வரும் சதுர வாளி இரண்டும் நன்றாக உழைக்கும். சதுர வாளியை அடுக்கவும் எளிது. நான் மூன்று வாளி வைத்திருக்கிறேன்: ரேஞ்சிலிருந்து (சுடும் பயிற்சி இடம்) வந்த அழுக்கு, கழுவியது, பிரைமர் மாற்றத் தயாரானது. ஒரு வாளியிலிருந்து அடுத்த வாளிக்கு முன்னோக்கி மட்டுமே நகர்த்துவேன். இப்படிச் செய்தால் எது எந்த நிலையில் இருக்கிறது என்று யோசிக்கவே வேண்டாம்.

கழுவுவதற்கு முன் ரகம் பிரியுங்கள். .40, .45, .380 எல்லாம் வேறு தோட்டா அளவுகள். 9 எம்எம் கேஸ் .40க்குள் கச்சிதமாக நுழையும், .40 போய் .45க்குள் நுழையும். டம்ப்ளருக்குள் (கேஸ்களைக் குலுக்கித் தேய்த்துச் சுத்தம் செய்யும் இயந்திரம்) மூன்றும் ரஷ்யப் பொம்மைபோல ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, நடுவில் அழுக்கோடு வெளியே வரும். .380 இன்னும் மோசம். அது 9 எம்எம் கேஸை விட ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர்தான் குட்டை. அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. நான் தயிர் டப்பாக்களை வரிசையாக வைத்து, அடிப்பக்க எழுத்தைப் படித்து ஒவ்வொன்றாகப் போடுவேன். .45 கேஸ்களுக்கு இரண்டு தயிர் டப்பா தேவை, ஏனென்றால் அதில் பெரிய பிரைமர் குழியும் உண்டு, சின்னதும் உண்டு. குளிர்கால மாலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்ய நல்ல வேலை.

புல்லட்டுக்கு அந்தத் தயிர் டப்பா ஆகாது. 124 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) புல்லட் ஆயிரம் என்றால் எட்டு கிலோ. மெல்லிய டப்பாவை விளிம்பில் பிடித்துத் தூக்கியபோது, அது என் கையிலேயே கிழிந்து கராஜ் முழுக்க உருண்டோடியிருக்கிறது. கடைசிப் புல்லட் மூன்று மாதம் கழித்துத்தான் காரின் டயருக்கடியில் கிடைத்தது. தடித்த சுவருள்ள வேர்க்கடலை வெண்ணெய் டப்பா, துணிசோப்பு வரும் பிளாஸ்டிக் தொட்டி இவற்றில் பாதி மட்டும் நிரப்புங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகச் சூடான சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒரு நாள் கவிழ்த்துக் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அதில் ஒட்டும் லேபிளில் எடை, விட்டம், வடிவம் மூன்றையும் எழுதுங்கள். 115 கிரெய்னும் 124 கிரெய்னும் பார்வைக்கு அண்ணன் தம்பி.

மாத்திரை டப்பாக்கள் சின்ன உதிரிகளுக்கென்றே பிறந்தவை. ஷெல் ஹோல்டர் (பிரஸ்ஸில் கேஸைப் பிடிக்கும் துண்டு), டீகேப்பிங் ஊசி (பழைய பிரைமரைத் தட்டி எடுப்பது), ஆலன் சாவி என்று எது தொலைந்தாலும் அன்றைய வேலை நின்றுபோகும். மருந்துக்கடை ஒட்டிய லேபிளை ஹேர் டிரையரால் அரை நிமிடம் சூடுகாட்டினால் முழுசாக உரிந்து வரும். அதை உரிக்காமல் விடாதீர்கள், மருந்து டப்பா என்று வேறு யாராவது நினைத்துவிடக் கூடாது.

அடுத்தது சோடா பாட்டில். பழைய பிரைமர்களைத் தட்டி வெளியேற்றும்போது அவை பிரஸ்ஸின் அடியிலுள்ள குழாய் வழியாக விழும், அப்படிப்பட்ட மாடல்கள் பல உண்டு. ஒரு பாட்டில் மூடியில் குழாயின் அளவுக்குத் துளை போட்டு, குழாய் நுனியை அதில் செருகி, பாட்டிலைத் திருகி மேசைக்கடியில் தொங்கவிடுங்கள். பிரைமர் மருந்தில் பெரும்பாலும் ஈய ஸ்டிஃப்னேட் இருப்பதால், எரிந்த பிரைமரில் ஈயத்தூள் ஒட்டியிருக்கும். அது திறந்த தட்டில் கிடந்து ஊதிப் பறப்பதற்கும், மூடிய பாட்டிலுக்குள் நேராகப் போய்ச் சேர்வதற்கும் நிறைய வித்தியாசம். பாட்டில் நிறைந்ததும் துளையில்லாத மூடியைப் போட்டு அப்படியே கழற்றி எடுத்துவிடலாம்.

ஈயத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சமையலறையிலிருந்து இந்த மேசைக்கு வந்த எதுவும் திரும்பிச் சமையலறைக்குப் போகக் கூடாது. டம்ப்ளரிலிருந்து, தேய்ப்பதற்காகப் போட்ட சோளக்கதிர்த் தூளையும் கேஸையும் பிரிக்க வடிதட்டு அருமையாக வேலை செய்யும். ஆனால் அன்றோடு அது சோறு வடிக்கும் தட்டு இல்லை. அதன்மேல் அழியாத மையில் "ஈயம்" என்றே எழுதுங்கள், ஆங்கிலத்திலும் எழுதுங்கள். தூசியை அடக்க ஒரு நல்ல வழி உண்டு. துணி உலர்த்தும் இயந்திரத்தில் போட்டு எடுத்த பழைய டிரையர் ஷீட்டை நாலாகக் கிழித்து, சோளத்தூளோடு டம்ப்ளரில் போடுங்கள். கறுப்புத் தூசியெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும். எடுத்துப் பார்த்தால் அடுப்புக்கரி துடைத்த துணிபோல இருக்கும். அதுவரை அந்தத் தூசியைத்தான் நாம் சுவாசித்துக்கொண்டிருந்தோம். டம்ப்ளரை வெளியே வைத்துத் திறங்கள், வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதில் சமரசமே வேண்டாம்.

பழைய ஸ்பிரே பாட்டில் கேஸுக்கு லூப் (மசகு) அடிக்க உதவும். லானோலினை (ஆட்டு ரோமக் கொழுப்பு) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, ஒரு பெரிய ஜிப் பையில் கேஸ்களைப் போட்டு நாலு தடவை அடித்துக் குலுக்கி, ஆல்கஹால் ஆவியாகும்வரை பரப்பி வைத்தால் போதும். ஆனால் கண்ணாடி துடைக்கும் திரவம் வந்த பாட்டிலை மட்டும் எடுக்காதீர்கள். அந்தத் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கும், அம்மோனியா பித்தளைக்கு எமன். இதற்கு இந்தியாவிலேயே நடந்த ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கேஸ்களில் விரிசல்! பருவத்தோடு வந்த விரிசல் என்பதால் உலோகவியலில் அதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், கேஸை இழுத்து வடிக்கும்போது உலோகத்தில் தங்கிவிடும் இறுக்கமும் சேர்ந்துதான் விரிசலை உண்டாக்கின என்பது 1921இல் தெளிவானது. இதை நினைத்தே என் கேஸ் வாளிகளைப் பூனையின் மணல்தட்டு இருக்கும் அறையில் வைப்பதில்லை. தண்ணீரில் கழுவ, பாத்திர சோப்பும் அரை டீஸ்பூன் சிட்ரிக் அமிலமும் போதும்.

மேசையில் தோட்டா உருவாகும் நேரத்துக்கு ஒரு பழக்கம். கடையில் வாங்கிய தோட்டாப் பெட்டிக்குள் ஐம்பது குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு இருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள், அதுவே நல்ல லோடிங் பிளாக். இரண்டு தட்டு வையுங்கள். பவுடர் போடாத கேஸ்களெல்லாம் முதல் தட்டில் வாய் கீழாக நிற்கட்டும். ஒன்றை எடுத்து, பவுடர் போட்டு, இரண்டாம் தட்டில் வாய் மேலாக நிறுத்துங்கள். 9 எம்எம்முக்குப் போடும் பவுடர் பெரும்பாலும் நாலைந்து கிரெய்ன்தான், அதாவது கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே. பல பவுடர்கள் கேஸில் பாதிகூட நிரம்பாது, அதனால் தவறி இரண்டு தடவை போட்டாலும் வழியாமல் உட்கார்ந்துகொள்ளும். ஐம்பதும் நின்றதும் டார்ச் அடித்து மேலிருந்து ஒவ்வொரு கேஸாகப் பாருங்கள். ஒன்று மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ தெரிந்தால் அதைக் கொட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். இந்த டார்ச் சோதனைக்குப் பின்தான் புல்லட்.

அந்தக் காலிப் பெட்டியின் அட்டையையும் பயன்படுத்தலாம், ஒரு நிபந்தனையோடு: அச்சடித்த கம்பெனி விவரம் முழுக்க மறையும்படி வெள்ளைத்தாள் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளை உங்கள் நண்பரோ மகனோ கம்பெனித் தோட்டா என்று நம்பி எடுத்துச் சுடுவார். தாளில் தேதி, கேஸ், பிரைமர், பவுடரின் முழுப்பெயர், கிரெய்ன் அளவு, புல்லட் எடை, மொத்த நீளம் எல்லாம் இருக்கட்டும். மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறிப்போகும். டப்பாவின் உடம்பில் எழுதுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்யக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்காகத் தயாரித்தால் 6ஆம் வகை உரிமம் வேண்டும், நண்பரிடம் காசு வாங்கிக்கொண்டு வாடிக்கையாகச் செய்து கொடுப்பதும் அந்தப் பக்கம்தான் போகும். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது அங்கே குற்றம். நான் சொன்ன எதுவும் அங்கே பொருந்தாது.

கடைசியாக, உங்கள் எவர்சில்வர் சம்படங்கள். செய்து முடித்த தோட்டாக்களை லேபிள் ஒட்டிய பெட்டிகளோடு உள்ளே வைத்தால் ஈரம் புகாமல் நன்றாக இருக்கும். தோட்டாவுக்கு ஆம்மோ கேனும் சம்படமும் ஒன்றுதான், பவுடருக்குத்தான் இரண்டும் ஆகாது. ஆனாலும் எனக்கு மனசு வரவில்லை. ஊரிலிருந்து சுமந்து வந்த பாத்திரம், அடியில் யார் பெயராவது வெட்டியிருக்கும். ஒரு தடவை ஈயத்தூசி பட்டுவிட்டால் பிறகு அதில் முறுக்கு வைக்க முடியாது. அவை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். கராஜுக்கு மூடியோடு ஒரு பூனை மணல் வாளி எடுத்துப் போங்கள்.